பொன்னாகும் கரி

புதுப் போன் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் சார்ஜ் நிற்கமாட்டேன் என்கிறதே என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்.

இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் வெகுகாலம் பிரேதப் பரிசோதனையில்தான் விடை தேடினார்கள். செத்த பேட்டரியை அறுத்துப் பார்ப்பது. ஆனால் சார்ஜ் ஏறிய மின்முனை காற்றுப் பட்டாலே மாறிவிடும். கண்ணில் படும் கோலம் அதன் உயிர்க்கோலமா, அறுத்ததால் வந்ததா என்ற சந்தேகம் தீராது.

2010இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஹாரிஸ் குழுவினர் பேட்டரிக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். மேலே ஒளி நுண்ணோக்கி. மெதுவாக சார்ஜ் ஏற்றினார்கள். மின்முனையில் இருக்கும் கரிய கிராஃபைட் முதலில் நீலமானது, பிறகு சிவந்தது, கடைசியில் தகதகவென்று பொன்னிறம்!

சித்தர் ரசவாதம் ஒன்றுமில்லை. பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட்தான். ஓலைச்சுவடி போல அடுக்கடுக்கான கார்பன். சார்ஜ் ஏற ஏற ஏடுகளுக்கு நடுவே லித்தியம் நுழைகிறது. 12 கார்பனுக்கு ஒரு லித்தியம் என்றால் சிவப்பு, 6க்கு ஒன்று என்றால் பொன். லித்தியம் கொடுக்கும் எலெக்ட்ரான்கள், கிராஃபைட் ஒளியைத் திருப்பும் விதத்தையே மாற்றிவிடுகின்றன. ஏடுகளின் இடைவெளியும் 0.335 நானோமீட்டரிலிருந்து 0.37 ஆகிறது. ஒவ்வொரு சார்ஜுக்கும் கிராஃபைட் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உப்பி வடிகிறது.

வண்ணம் சீராக ஏறுவதில்லை என்பதுதான் விசேஷம். லித்தியம் வந்து சேரும் பக்கம் பொன்னாகிவிட்டிருக்கும், கடைக்கோடி இன்னும் கறுப்பாகவே கிடக்கும். கண்டக்டர் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று தொண்டை வற்றக் கத்தினாலும் படிக்கட்டுப் பக்கமே நெரியும் டவுன் பஸ்தான். வேகமாக சார்ஜ் ஏற்றினால், அதுவும் குளிரில், உள்ளே போக முடியாத லித்தியம் வெளியிலேயே வெள்ளிநிற உலோகமாகப் படியும். அது ஊசியாக வளர்ந்து, இரு மின்முனைகளுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சவ்வைத் துளைத்தால் ஷார்ட் சர்க்யூட்.

நிமிஷக் கணக்கில் சார்ஜ் ஏறும் என்று பெருமையடிக்கும் விளம்பரங்களில் இந்த நெரிசல் வராது. விடிய விடிய நேரம் இருந்தும் வேக சார்ஜரையே தேடுகிறவர்களைப் பேட்டரி பாவம் என்ன செய்யும்?

சார்ஜ் இறங்கும்போது அதே ஜன்னலில் படம் பின்னோக்கி ஓடும்: பொன், சிவப்பு, நீலம், கறுப்பு. பழைய பேட்டரியில் மட்டும், உப்பி உப்பி வடிந்ததில் மின்தொடர்பு அறுந்துபோன சில கிராஃபைட் துணுக்குகள் எவ்வளவு இறக்கினாலும் பொன்னாகவே நிற்கும். வாசகர் தேடும் சார்ஜில் ஒரு பங்கு அங்கே சிக்கிக் கிடக்கிறது.