பைக்கில் மாட்டிய எல்.இ.டி. சீக்கிரம் கருகுவது ஏன்? 2 டிரான்சிஸ்டரில் இருக்கு தீர்வு!

பைக்கிலும் ஆட்டோவிலும் ஆசையாக மாட்டும் எல்.இ.டி. ஸ்ட்ரிப், சில மாதங்களிலேயே துண்டு துண்டாக மங்கி அணைந்துவிடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 'சரக்கு மட்டம்' என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். சரக்கும் காரணமாக இருக்கலாம். ஆனால் நல்ல எல்.இ.டி.யைக் கூட கருக்கிவிடும் காரணம் ஒன்று வண்டிக்குள்ளேயே இருக்கு.

12 வோல்ட் பேட்டரி, உண்மையில் 12 வோல்ட்தானா?

இல்லை. முழுசா சார்ஜ் ஆன பேட்டரி சும்மா நிற்கும்போதே 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடி சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். பேட்டரி இறங்கிவிட்டால் 10.5-க்கு வந்துவிடும்.

இந்த ஏற்ற இறக்கம் பழைய குண்டு பல்புக்குப் பெரிய விஷயமில்லை. எல்.இ.டி.க்கு அப்படி இல்லை. வோல்டேஜ் கொஞ்சம் கூடினாலே அதற்குள் பாயும் கரண்ட் எகிறிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் பொதுவாக 3 வெள்ளை எல்.இ.டி.கள் வரிசையாக இருக்கும். கூடவே ஒரு ரெசிஸ்டர். எல்.இ.டி. ஒன்றுக்கு 3.1 வோல்ட் வீதம் 9.3 போய்விடும். மீதி 2.7 வோல்ட் ரெசிஸ்டரின் தலையில். 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் ரெசிஸ்டர் 135 ஓம் இருக்க வேண்டும்.

இப்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்தால்? 14.4 வோல்ட் வந்ததும் கரண்ட் ஏறத்தாழ 35 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். வோல்டேஜ் கூடியது 20 சதவீதம்தான், கரண்ட் கூடியது 75 சதவீதம்! அந்த வெப்பம்தான் எல்.இ.டி.யின் ஆயுளைத் தின்கிறது. பேட்டரி 10.5-க்கு இறங்கினால் கரண்ட் பாதிக்குப் பாதி குறைந்து வெளிச்சம் மங்கும்.

ஒரே டிரான்சிஸ்டர் போதாதா?

பலரும் முதலில் செய்து பார்ப்பது அதைத்தான். இரண்டு ரெசிஸ்டர்களால் பேட்டரி வோல்டேஜைப் பங்கு பிரித்து டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுப்பார்கள். பேட்டரி ஏறினால் அந்தப் பங்கும் ஏறும், கரண்ட்டும் கூடவே ஏறும். ஆடுகிற தராசை வைத்து எடை போடுவது மாதிரிதான் இது. பேட்டரியைச் சாராத ஓர் அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோல் டிரான்சிஸ்டருக்குள்ளேயே இருக்கு. சாதாரண சிலிக்கான் டிரான்சிஸ்டர் வேலை செய்யத் தொடங்க, பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சுமார் 0.65 வோல்ட் தேவை. பேட்டரி 10 ஆனாலும் 14 ஆனாலும் இந்த எண் பெரிதாக மாறாது.

2 டிரான்சிஸ்டர் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது?

இரண்டுமே என்.பி.என். வகை, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பிசி 547 போதும். ஒன்று வேலையாள், இன்னொன்று மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்.இ.டி. வரிசையின் நெகட்டிவ் முனை வேலையாளின் கலெக்டருக்கு. வேலையாளின் எமிட்டரில் இருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு 33 ஓம் ரெசிஸ்டர். பேட்டரி பாசிட்டிவில் இருந்து வேலையாளின் பேஸுக்கு 4.7 கிலோ ஓம். மேஸ்திரியின் பேஸ் வேலையாளின் எமிட்டரோடும், கலெக்டர் வேலையாளின் பேஸோடும் சேரும். எமிட்டர் நேராக நெகட்டிவுக்கு.

எல்.இ.டி. கரண்ட் முழுக்க அந்த 33 ஓம் வழியாகத்தான் போக வேண்டும். அது 20 மில்லி ஆம்பியரைத் தொடும்போது ரெசிஸ்டரில் 0.65 வோல்ட் உருவாகும். உடனே மேஸ்திரி விழித்துக்கொண்டு, வேலையாளின் பேஸுக்குப் போகும் கரண்ட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். கரண்ட் குறைந்தால் பிடியைத் தளர்த்துவார். வேறு அளவு கரண்ட் வேண்டுமா? 0.65-ஐ அந்த அளவால் வகுத்தால் ரெசிஸ்டர் மதிப்பு கிடைத்துவிடும்.

பேட்டரி ஏறும்போது 4.7 கிலோ ஓம் வழியாக வரும் கூடுதல் கரண்ட்டையும் மேஸ்திரியே விழுங்கிவிடுகிறார். 10.5-ல் இருந்து 14.4 வரை போனாலும் எல்.இ.டி. கரண்ட் மாறுவது ஏறக்குறைய 0.3 மில்லி ஆம்பியர்தான்.

கவனிக்க வேண்டியவை

இந்த அமைப்புக்கே சுமார் 0.9 வோல்ட் வேண்டும். எனவே 3 எல்.இ.டி.க்கு பேட்டரி 10.2-க்குக் கீழே போனால் வெளிச்சம் குறையும். ரெசிஸ்டரோடு வரும் ரெடிமேட் ஸ்ட்ரிப்பிலும் இதைச் சேர்க்கலாம். இன்ஜின் ஆஃபில் கொஞ்சம் மங்கலாக எரியும், ஓடும்போது கருகாது. ஆனால் ஸ்ட்ரிப்பில் 10 பிரிவுகள் இருந்தால் மொத்தம் 200 மில்லி ஆம்பியர். பிசி 547 தாங்குவது 100 மட்டுமே. அப்போது வேலையாளாக பிடி 139, 33-க்குப் பதில் 3.3 ஓம், 4.7 கிலோவுக்குப் பதில் 1 கிலோ ஓம்.

சூடு ஏறினால் அந்த 0.65 வோல்ட், டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் வீதம் குறையும். 50 டிகிரி கூடினால் 20 மில்லி ஆம்பியர் 17-க்கு இறங்கிவிடும். துல்லியமான கருவிகளுக்கு இது குறைதான். எல்.இ.டி.க்கோ லாபம்: சூடாகும்போது கரண்ட் தானாகவே குறைகிறது.

350 மில்லி ஆம்பியர் இழுக்கும் 1 வாட் எல்.இ.டி.களை இப்படி 3 சேர்த்து ஓட்டினால், இன்ஜின் ஓடும்போது டிரான்சிஸ்டரில் மட்டும் ஒன்றரை வாட் வெப்பமாக வீணாகும். அதற்கு ஹீட் சிங்க் கட்டாயம். இல்லையென்றால் ஸ்விட்சிங் வகை டிரைவர் வாங்குவதே மேல்.