நாற்கொம்பு மான்: உலகில் வேறெங்கும் இல்லாத அதிசயம்

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பகுதிகளுக்கு வடக்கே ஆந்திர எல்லை மலைகள் தொடங்குகின்றன. அவற்றுக்கும் அப்பால், திருப்பதியை ஒட்டி விரிந்திருக்கும் சேஷாசலம் காடுகள் 2010ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. இந்த வறண்ட பாறைக் காடுகளில் வாழும் அரிய விலங்குகளில் ஒன்று நாற்கொம்பு மான்.

மான் என்று அழைத்தாலும் இது புள்ளிமானின் இனமல்ல. புள்ளிமான் தன் கொம்பை உதிர்த்துவிட்டு மீண்டும் வளர்க்கும். நாற்கொம்பு மானின் கொம்புகளோ உதிர்வதில்லை. ஆடு, மாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்த இரலை இது. கிண்டியிலும் கோடியக்கரையிலும் நாம் காணும் வெளிமானும் இரலைதான்.

ஆணுக்கு மட்டுமே கொம்புகள் உண்டு. காதுகளுக்கு இடையே இரண்டு, அவற்றுக்கு முன்னால் நெற்றியில் சிறியதாக இரண்டு. சில ஆண்களுக்கு முன்கொம்புகள் வெறும் புடைப்பாகவே நின்றுவிடும். உயரம் சுமார் 60 செ.மீ., எடை ஏறத்தாழ 20 கிலோ. அதாவது ஒரு வெள்ளாட்டின் அளவுதான். இந்தியாவிலும் நேபாளத்திலும் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. தமிழகத்தில் முதுமலைக் காட்டில் காணப்பட்டுள்ளது.

பெரும்பாலும் தனியாகவே திரியும் இந்தக் கூச்ச சுபாவி, ஆபத்தை உணர்ந்தால் புல்லுக்குள் அசையாமல் நின்றுவிடும். அதனால் நேரில் பார்ப்பது கடினம். ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாணமிடும் பழக்கம் இதற்கு உண்டு. ஆய்வாளர்கள் அந்தக் குவியல்களை வைத்தே இதன் நடமாட்டத்தை அறிகிறார்கள்.

வறண்ட காட்டில் வாழ்ந்தாலும் இதற்கு அடிக்கடி தண்ணீர் தேவை. எனவே நீர்நிலையை விட்டு அதிக தூரம் செல்லாது. இதன் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கோடையில் எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு குட்டைகளுக்கே கால்நடைகளும், அவற்றுடன் வரும் நாய்களும், கண்ணி வைப்பவர்களும் வந்து சேர்கிறார்கள். மறைவிடமாக இருந்த புல்லும் காட்டுத் தீயில் கருகிவிட்டால் ஒளிய இடமில்லை.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை 'அழிய வாய்ப்புள்ள' இனமாக வகைப்படுத்தியுள்ளது. சோமாலியா, ஜிபூட்டி நாடுகளின் பாறை மலைகளில் வாழும் 'பெய்ரா' என்ற சிறு இரலையும் இதே பட்டியலில்தான் இருக்கிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நாற்கொம்பு மான் இடம்பெற்றுள்ளது. இதை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கும்.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. மலையடிவாரத்தில் வசிப்பவர்களும் அவ்வழியே பயணிப்பவர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. அணையாத பீடியைக் காய்ந்த புல்லில் வீசாதீர்கள். நாயைக் காட்டுக்குள் அவிழ்த்து விடாதீர்கள். கண்ணியைக் கண்டால் வனத்துறையிடம் சொல்லுங்கள். புதருக்குள் தனியாகக் கிடக்கும் குட்டியைத் தூக்கி வராதீர்கள். தாய் அருகில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.