கொடி மாறியது, கொள்கை மாறியதா?



அண்மையில் ஒருநாள் மாலை ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்து, இப்போது செம்பனைக் குலை வெட்டும் பையன் ஒருவன் நாளிதழோடு வந்தான். "வாத்தியாரையா, நவதாராளவாதம் என்று போட்டிருக்கிறதே, அது எந்த நாட்டுக் கட்சி?" என்று கேட்டான்.

நல்ல கேள்விதான். அது கட்சியல்ல, பல கட்சிகளுக்குள்ளும் புகுந்துகொண்ட ஒரு பொருளாதாரக் கொள்கை. வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடலாகாது; பொதுச் சொத்தைத் தனியாருக்கு விற்றுவிடலாம்; செல்வர்களின் வரியைக் குறைத்தால் தொழில் பெருகும்; தொழிற்சங்கத்தின் பிடி தளர வேண்டும். இதுவே அதன் சாரம்.

இதன் பலனை அறியப் பிரிட்டனைப் பார்ப்போம். நம் பாட்டன்மார் பால்மரம் சீவிய தோட்டங்கள் பலவற்றின் முதலாளிகள் அங்கேதானே இருந்தார்கள்!

1945இல் அங்கு ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, நிலக்கரிச் சுரங்கங்களையும் ரயிலையும் அரசுடைமை ஆக்கியது. நகராட்சிகள் தொழிலாளர்களுக்குக் குறைந்த வாடகை வீடுகளை ஏராளமாகக் கட்டின. 1970களில் விலைவாசி ஏறியது, வேலைநிறுத்தங்கள் பெருகின, மக்கள் சலித்துப் போனார்கள். 1979இல் மார்கரெட் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சி வென்றது.

உச்ச வருமான வரி 83 விழுக்காட்டிலிருந்து 60 ஆகி, 1988இல் 40 ஆனது. ஆனால் ஏழையும் செல்வரும் கடையில் ஒன்றுபோல் கட்டும் மதிப்புக் கூட்டு வரி, 1979இல் 8 விழுக்காட்டிலிருந்து 15 ஆக ஏறியது. தொலைபேசி 1984இலும், எரிவாயு 1986இலும், இங்கிலாந்து, வேல்ஸ் குடிநீர் 1989இலும் தனியாரிடம் போயின. விலைவாசி ஏற்றம் தணிந்தது உண்மைதான். ஆனால் 1982இல் வேலையற்றோர் தொகை 30 லட்சத்தைத் தாண்டியது.

வீட்டுக் கதையைக் கேளுங்கள். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற கவலை நமக்குத் தெரியாததா? அங்கே 1980 சட்டம், குடியிருந்த வாடகை வீட்டைச் சலுகை விலையில் வாங்க உரிமை தந்தது. தொழிலாளர்கள் மகிழ்ந்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புது வீடுகள் போதிய அளவில் எழும்பவில்லை. இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் கைமாறின. அப்பனுக்கு வீடு கிடைத்தது. பேரன் குறைந்த வாடகை வீட்டுக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்து நிற்கிறான்.

இனிதான் பையனின் கேள்விக்கு விடை. 1997இல் டோனி பிளேர் தலைமையில் தொழிற்கட்சி வந்தது. விற்றதையெல்லாம் மீட்டதா? இல்லை. பொதுவுடைமையை வலியுறுத்திய விதியை 1995இலேயே தன் சட்டத்திலிருந்து அது மாற்றிவிட்டிருந்தது. குடிநீர் தனியாரிடமே இருந்தது. வீட்டு விற்பனையும் தொடர்ந்தது. ஆனாலும் 1999இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் அதே அரசாங்கம்தான். எல்லாக் கட்சியும் ஒன்றே என்று சொல்வதும் சரியல்ல.

போன வண்டி திரும்பாது என்றும் எண்ண வேண்டாம். வீட்டு விற்பனை உரிமையை ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் நிறுத்தின. பயணிகள் ரயிலைப் பொதுவுடைமைக்குத் திருப்ப 2024இல் சட்டம் வந்தது.

நம் நாட்டிலும் 1983இல் டாக்டர் மகாதீர் அரசாங்கம் தனியார்மயக் கொள்கையை அறிவித்தது. தொலைபேசி நிறுவனம் 1990இலும், மின்சார நிறுவனம் 1992இலும் பங்குச் சந்தைக்கு வந்தன.

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருவோரிடம் கொடியின் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் சம்பளம் என்னாகும்? பொதுச் சொத்து யார் கைக்குப் போகும்? வேலை ஓய்ந்தபின் தலைக்குமேல் கூரை இருக்குமா? இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். அன்று ஒட்டுக்கடையில் அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன்.