உடல் 1894, கொதிகலன் புதிது

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அனஹைம் நகரின் டிஸ்னிலேண்ட் பூங்காவைச் சுற்றிவரும் ரயில் எஞ்சின்களில் ஒன்றின் பெயர் ‘ஃப்ரெட் கர்லி’. பிலடெல்பியாவின் பால்ட்வின் நிறுவனம் 1894இல் கட்டியது. லூசியானா மாநிலத்தில் கரும்பு இழுத்து ஓய்ந்துபோனதை டிஸ்னி விலைக்கு வாங்கி, 1958இல் பயணிகள் ரயிலில் பூட்டியது. 130 வயதைத் தாண்டிய ஓர் இயந்திரத்தை இன்னமும் வேலை வாங்க முடிவது எப்படி?

உழைக்கிற பாகங்கள் பலவற்றுக்கு அந்த வயது கிடையாது என்பதுதான் பதில். பூங்காவுக்கு வந்தபோதே பழைய கொதிகலனைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஓடும் நான்கு எஞ்சின்களின் கதையும் இதேதான். 1969இல் டிஸ்னியின் இயந்திரக்கூடத் தலைவர் ரோஜர் ப்ராகியும் சகாக்களும் மெக்சிகோவின் மெரிதா நகரில், யுகடான் ரயில்வேயின் ஒதுக்குப்புறத்தில் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றின் விலை சுமார் 8,000 டாலர். பழைய இரும்பு விலையைவிடச் சற்றுக் கூடுதல் என்று சொல்லலாம். டாம்பா துறைமுகத்தின் கப்பல் பழுதுபார்ப்புக் கூடத்தில் பிரித்து மேய்ந்து மறுபடி கட்டினார்கள். 1971 அக்டோபரில் பூங்கா திறந்த நாளிலேயே ரயில் ஓடத் தொடங்கியது. புகைபோக்கி, பித்தளை மணி, வண்ணப்பூச்சு ஆகியவற்றில் பழமையைக் காட்டி, பார்வைக்குப் படாத இடத்தில் புதிய உலோகத்தை வைப்பதுதான் பூங்கா ரயிலின் சூத்திரம்.

பூங்கா ஓட்டம் சொகுசு வேலை என்று நினைக்கத் தோன்றும். இரண்டு கிலோமீட்டர் சுற்று, ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதானே? ஆனால் எஞ்சினின் பக்கமிருந்து பார்த்தால் இது கடினமான பிழைப்பு. சில நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்ற நிலையிலிருந்து முழுச் சுமையையும் இழுத்துக் கிளம்ப வேண்டும். நிற்கும்போது நெருப்பைத் தணி, கிளம்பும்போது ஏற்று என்று நாள் முழுக்க நடப்பதால் கொதிகலனின் உலோகம் விரிந்து சுருங்கியபடியே இருக்கிறது. வளைவுகளும் இறுக்கமானவை. டிஸ்னிலேண்ட் ரயில் 1955இல் தொடங்கியதிலிருந்து கடிகாரத் திசையில் மட்டுமே சுற்றுகிறது. வலப்பக்கம் திரும்பும் வளைவுகள் மட்டுமே இருந்தன. அதாவது, வெளிவட்டத்தில் உரசும் இடப்பக்கச் சக்கரங்களின் விளிம்புக்குத்தான் தேய்மானம் அதிகம். 2016இல் ரயிலை நிறுத்தி, புதிய ஸ்டார் வார்ஸ் பகுதிக்காகப் பாதையை மாற்றியபோதுதான் முதல் இடப்பக்க வளைவு வந்தது. 2017 ஜூலையில் ரயில் மறுபடி ஓடியபோது அதைப் பெரிய செய்தியாக்கினார்கள். சக்கரங்களும் சந்தோஷப்பட்டிருக்கும்.

தேய்ந்த சக்கரத்தை மொத்தமாகத் தூக்கிப் போடுவதில்லை. வார்ப்புச் சக்கரத்தின் மேல் எஃகு வளையம் ஒன்று இருக்கும். அதைக் கடைசல் இயந்திரத்தில் சீவிச் சரிசெய்கிறார்கள். சீவவும் இடமில்லாமல் மெலிந்தால் புதிய வளையத்தைச் சூடேற்றி, விரிந்திருக்கும்போதே மாட்டிவிடுகிறார்கள். குளிர்ந்ததும் அதுவே இறுகப் பற்றிக்கொள்ளும். நம்மூர் வண்டிப் பட்டறையில் பட்டை போடுவதும் இப்படித்தான்.

செலவும் கவலையும் குவிவது கொதிகலனில். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் 170 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். கலத்தின் ஒரு பகுதி கிழிந்து அழுத்தம் சட்டென்று விடுபட்டால், உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். கொதிகலன் வெடிப்பு என்பது இதுதான்.

அதனால் ஃபயர்மேனின் கண் எந்நேரமும் நீர்மட்டக் கண்ணாடியில் இருக்க வேண்டும். நெருப்பறையின் கூரைத் தகட்டை மேலே நிற்கும் தண்ணீர்தான் குளிர்வித்துக் காக்கிறது. தண்ணீர் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் சில நிமிடங்களில் பழுத்துச் சிவந்து இளகிவிடும். 1995 ஜூனில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் சுற்றுலா ரயிலில் அதுதான் நடந்தது. எஞ்சினில் இருந்த மூவர் தீக்காயம் அடைந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, நீர்மட்டக் கண்ணாடிக்குப் போகும் வழியில் உப்புப் படிந்து அடைத்திருந்தது தெரியவந்தது. தகட்டைத் தாங்கிய போல்ட்டுகளின் அமைப்பால் அது ஒரே அடியாகப் பிய்ந்துபோகவில்லை. அழுத்தம் படிப்படியாக வெளியேறியது. இல்லாவிட்டால் பின்னால் இருந்த பயணிகளின் கதி?

வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பேதான் இந்தப் பகையாளியும். குழாய்களின் மேல் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். தடுக்கப்பட்ட வெப்பம் உலோகத்தைத் தின்னும். தண்ணீரை மென்மையாக்கி ஊற்றுவது, வேதிப்பொருள் கலப்பது, அடியில் சேரும் சகதியை அழுத்தத்தோடு வெளியே ஊதித் தள்ளுவது, குறித்த நாளில் கொதிகலனைத் திறந்து கழுவுவது எல்லாம் இதற்காகத்தான். கவர்ச்சியில்லாத இந்த வேலைதான் எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பேன்.

கெட்டிஸ்பர்க்குக்குப் பின், 1999இல் அமெரிக்க நடுவண் ரயில்வே நிர்வாகம் விதிகளைத் திருத்தியது. அதன்படி 31 வேலை நாளுக்கு ஒரு சோதனை உண்டு. 1,472 வேலை நாள் அல்லது 15 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது கொதிகலனை முழுக்கப் பிரித்து, தகட்டின் கனத்தை மீயொலியால் அளந்து, அனுமதித்த அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகத் தண்ணீர் ஏற்றிப் பார்க்க வேண்டும். பூங்காவுக்குள்ளேயே சுற்றும் ரயில்கள் பெரும்பாலும் இந்த விதிக்குள் வருவதில்லை. அவற்றுக்கு மாநில ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஜப்பானிலோ சட்டம் இன்னொரு வேடிக்கை செய்தது: இரண்டு நிலையங்கள் இருந்தால் ரயில்வே சட்டத்துக்குள் வந்துவிடும் என்பதால் டோக்கியோ டிஸ்னிலேண்டின் நீராவி ரயிலுக்கு ஒரே நிலையம்தான். ஏறின இடத்திலேயே இறங்க வேண்டும்.

எரிபொருள் மாற்றம்தான் வெளியே அதிகம் பேசப்பட்ட நவீனமயம். டென்னசியின் டாலிவுட் பூங்காவில் நீண்ட காலம் நிலக்கரிதான் வாசனையின் பாதி. கண்ணில் கரித்தூள் விழும் என்று பயணிகளை எச்சரித்தார்கள். அங்கே ஓடும் 192ஆம் எண் எஞ்சின் 1943இல் அமெரிக்க ராணுவத்துக்காகக் கட்டப்பட்டு, அலாஸ்கா பக்கம் உழைத்தது. அதே ‘மெக்ஆர்தர்’ வடிவ எஞ்சின்கள் போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கில் இந்தியாவுக்கும் வந்து நம் மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடின.

நகரத்துக்கு நடுவே இருக்கும் டிஸ்னிலேண்டில் கரிப்புகைக்கு இடமில்லை, அங்கே எண்ணெய்தான். 2007இல் டீசலிலிருந்து பயோடீசலுக்கு மாறினார்கள். சொல்வது சுலபம். பயோடீசல் பழைய தொட்டிகளில் ஒட்டியிருக்கும் கசடைக் கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியை அடைக்கும், ரப்பர் வளையங்களை அரிக்கும், ஈரத்தை உறிஞ்சும், சேமிப்பில் கெடும். சேமிப்புச் சிக்கலால் 2008 கடைசியில் கொஞ்ச காலம் டீசலுக்கே திரும்பி, 2009இல் பூங்கா உணவகங்களின் பொரித்த எண்ணெயை மறுசுழற்சி செய்து கிடைத்த எரிபொருளோடு மறுபடி தொடங்கினார்கள். நீலகிரி மலை ரயிலிலும் நிலக்கரி எஞ்சின்களை ஃபர்னஸ் ஆயிலுக்கு மாற்றியதும், திருச்சி பொன்மலைப் பணிமனையில் எண்ணெயில் ஓடும் எஞ்சின்களைப் புதிதாகவே கட்டியதும் நமக்குத் தெரிந்த கதை.

இவ்வளவு பாடு எதற்கு, டீசல் எஞ்சினுக்கு நீராவி வேடம் போட்டால் போதாதா? ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2005இல் அப்படித்தான் செய்தது. சிறிய பூங்காக்கள் பலவற்றில் ஓடும் ‘சி.பி. ஹண்டிங்டன்’ ரயிலும் வேடதாரிதான். கணக்குப் பார்த்தால் அதுவே சரி: சாவியைத் திருப்பினால் கிளம்பும், விடிவதற்கு முன் வந்து நெருப்பு மூட்ட வேண்டாம். கணக்கில் வராத ஒன்றும் உண்டு. உயிருள்ளதுபோல மூச்சுவிட்டு நிற்கும் எஞ்சினின் அருகே குழந்தைகள் நிற்கிற விதம் வேறு. பொம்மை எஞ்சினைச் சில நொடிகளில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். வசதியுள்ள பூங்காக்கள் அசலைக் கைவிடாதது சரி என்றே நினைக்கிறேன்.

அசலை வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். பால்ட்வின் 1956இல் எஞ்சின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. உதிரிபாகத்துக்கு எழுதிப்போட யாருமில்லை; தேய்ந்த பாகத்தை அளந்து, வரைந்து, வார்ப்பெடுத்து, கடைந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த பட்டறைகள் கைவிரலுக்குள் அடங்கும். பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் ரயில்வே பணிமனை அவற்றில் ஒன்று. வட கரோலினாவின் ட்வீட்சி பூங்காப் பட்டறை இன்னொன்று. ஃப்ளோரிடாவின் டிஸ்னி எஞ்சின்கள் லாரியில் ஏறி ஸ்ட்ராஸ்பர்க் போய், வேலை முடிந்து, அதே லாரிப் பாதையில் திரும்பி வருகின்றன. அந்தப் பட்டறையில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடும் அதன் சொந்த எஞ்சின்களும் பக்கத்து மேடையில் பிரித்துப் போடப்பட்டு, தங்கள் முறைக்குக் காத்திருக்கும்.