கெல்ட்டியரின் காலக் கணக்கு

பண்டைய பிரான்ஸில் வாழ்ந்த கெல்ட்டிய மக்கள் காலத்தைப் பகலால் அன்றி இரவால் எண்ணினர் என்று ஜூலியஸ் சீசர் எழுதியுள்ளார். அவர்களுடைய குருமார் தம் சமயக் கல்வியை ஏட்டில் எழுதி வைப்பதில்லை. ஆதலின், 1897-இல் கொலின்யி என்னும் ஊரில் துண்டு துண்டாகக் கிடைத்த வெண்கலப் பலகையே அவர்களது பஞ்சாங்கத்திற்குத் தலையாய சான்றாகும். அது கி. பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எழுத்து லத்தீன், மொழியோ கெல்ட்டியம்.

இதில் மாதம் என்பது 29 அல்லது 30 நாட்கள். ஒவ்வொரு மாதமும் இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நாளைக் குறிக்க முளை செருகுவதற்கென நாள்தோறும் ஒரு துளை உண்டு.

பன்னிரண்டு சந்திர மாதங்கள் சூரிய ஆண்டினும் சுமார் 11 நாட்கள் குறைந்தவை. இக்குறையை ஈடுசெய்ய, ஐந்தாண்டுகளில் இரண்டு அதிக மாதங்கள் சேர்க்கப்பட்டன. ஆக மாதங்கள் 62. நம் நாட்டு வேதாங்க ஜோதிடத்தின் ஐந்தாண்டு யுகத்திலும் இதே எண்ணிக்கையைக் காண்கிறோம்.

ஆயினும் 62 சந்திர மாதங்கள் ஐந்து சூரிய ஆண்டுகளினும் நாலரை நாட்களுக்கு மேல் மிகுந்துவிடுகின்றன. கெல்ட்டியர் 30 ஆண்டுகளை ஓர் ஊழியாகக் கொண்டனர் என்பது ரோமானிய ஆசிரியர் பிளினியின் கூற்று. ஊழிக்கு ஓர் அதிக மாதத்தை விட்டுவிட்டால் மாதங்கள் 371 ஆகும்; பிழையும் ஒன்றரை நாளுக்குள் அடங்கும். அவர்கள் அவ்வாறே செய்திருத்தல் கூடும் என அறிஞர் சிலர் கருதுகின்றனர். தலைமுறை தலைமுறையாக வானை நோக்கியவர்க்கே இத்தகைய கணக்குக் கைகூடும்.