காதில் ஒரு ஸ்க்ரூடிரைவர்

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரிப் பட்டறைகள் இருக்கும் தெருவில் நின்று பார்த்தால் தெரியும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். மெக்கானிக் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வாட்டர் பம்ப் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொள்வார். அடுத்து ஆல்டர்னேட்டர், அப்புறம் டேப்பெட் கவர், கடைசியாகக் குனிந்து ஆயில் சம்ப். சில நிமிடத்தில் “பேரிங் போச்சுங்க” என்றோ, “ஒண்ணுமில்லீங்க, பெல்ட்டுதான்” என்றோ சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இதில் மாயம் எதுவும் இல்லை. உலோகத்தில் பிறக்கும் அதிர்வு காற்றுக்குத் தாவும்போது பெரும்பகுதி உலோகத்துக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. தப்பி வெளியே வரும் கொஞ்சமும் பானெட்டுக்கு அடியில் நாலாபுறமும் மோதி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் செய்துவிடுகிறது. ஸ்க்ரூடிரைவர் காற்றை ஒதுக்கிவிட்டு, அதிர்வை எஃகு வழியாக நேரே மண்டை எலும்புக்குக் கொண்டுபோகிறது. 1816-இல் பாரீஸில் ரெனே லென்னக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்டெதாஸ்கோப். பட்டறைக்காரர் செய்வதும் அதே வேலைதான், காகிதத்துக்குப் பதில் இரும்பு.

எடப்பாடியைச் சுற்றிய இந்த வட்டாரத்துக்கு இன்ஜின் புதிதல்ல. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள்; தென்னிந்தியாவின் கேஸ் டேங்கர் லாரித் தொழிலுக்கு அதுதான் தலைமையிடம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. எடப்பாடியோ விசைத்தறி ஊர். தறிக்கூடத்தில் வரிசையாக ஓடும் தறிகளில் ஒன்றின் தாளம் பிசகினால், ஓட்டுபவரின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். இப்படிப்பட்ட காதுகள் உள்ள ஊரில், தறி, ரிக், லாரி, கோழிப்பண்ணை வருமானத்தில் வாங்கிய பென்ஸும் பி.எம்.டபிள்யூவும் ஆடியும் ஒரு ‘டிக் டிக்’ கொடுத்தால் மட்டும் உரிமையாளர் தவித்துப் போகிறார். கம்பெனி சர்வீஸ் நிலையம் வேண்டுமென்றால் கோவை வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல், போக வேண்டிவரலாம். பக்கத்துப் பட்டறையோ லாரி பார்த்தே பழகிய பட்டறை.

தவிப்புக்கு முதல் காரணம், கார் தன் சத்தத்தை மறைக்கிறது. இரட்டை அடுக்குக் கண்ணாடி, இன்ஜினைச் சுற்றிப் போர்த்திய பஞ்சு, அடியில் மூடி, திரவம் நிரப்பிய இன்ஜின் மவுண்ட் என்று எல்லாமே உள்ளே இருப்பவருக்கு எதுவும் கேட்கக் கூடாது என்பதற்காக. மறைப்பதோடு நிற்பதும் இல்லை. 2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 கார், இன்ஜின் உறுமலை ஸ்பீக்கர் வழியாகவே உள்ளே ஒலிக்கவிட்டது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காரில் பாதிச் சத்தம் மியூசிக் சிஸ்டத்திலிருந்து வருகிறது என்றால் சிரிக்கத்தான் வேண்டும். ஆகவே உள்ளே உட்கார்ந்து கேட்டதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு நீளமான மதில் ஓரமாக மெதுவாக ஓட்டிப் பார்த்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஓசையில் நிறையத் தெரியும்.

சத்தம் ‘டிக் டிக்’கா, ‘டொக் டொக்’கா என்று கேட்டு ஒருவரும் நோயைக் கண்டுபிடித்துவிட முடியாது. அந்தச் சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்பதுதான் கேள்வி. பின்தொடரக்கூடியவை மூன்று: வேகம், சூடு, பாரம்.

வேகத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஐடிலிங்கில் 800 ஆர்.பி.எம். என்றால் கிராங்க் நொடிக்கு 13 முறைக்குச் சற்று மேல் சுற்றுகிறது; கேம் அதில் பாதி, ஏழுக்கும் குறைவு. எனவே ஒரு வால்வோ டேப்பெட்டோ அடித்தால் அந்தத் தட்டல் நிதானமாகக் கேட்கும். பிக் எண்ட் பேரிங் அடித்தால் அதைவிட இரட்டிப்பு வேகத்தில், கனத்த குரலில் கேட்கும். பதிமூன்றைக் காதால் எண்ண முடியாது. ஆனால் மெதுவானதையும் வேகமானதையும் பிரித்தறியப் பழகிய காதுக்கு முடியும். இன்று அதிர்வுமானிக் கருவிகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன: கிராங்க் வேகத்தில் பாதியா, சமமா, இரு மடங்கா?

சூடு இன்னும் நல்ல சாட்சி. பிஸ்டன் அலுமினியம், வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவடையும். தேய்ந்த பிஸ்டன் காலைக் குளிரில் சிலிண்டர் சுவரில் தட்டும். சூடேறி விரிந்ததும் இடைவெளி குறைந்து அடங்கிவிடும். பேரிங் இதற்கு நேர் எதிர். அதற்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதை நிரப்பி நிற்பது ஆயில். இன்ஜின் சூடானால் ஆயில் நீர்த்துப் போகிறது. தேய்ந்த பேரிங் அப்போதுதான் வாய் திறக்கும். ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி மட்டும் டிக் டிக் என்றுவிட்டு ஓய்ந்தால், ராத்திரியில் ஆயில் வடிந்த ஹைட்ராலிக் டேப்பெட்டாக இருக்கலாம்.

இங்கேயும் கண்ணி உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் சிறு கசிவு இருந்தாலும் அச்சு அசல் டேப்பெட் போலவே தட்டும், சூடானதும் உலோகம் விரிந்து வாயை அடைத்துக்கொள்ள அதுவும் நின்றுவிடும். இதைப் பிரித்தறியாமல் டேப்பெட்டையெல்லாம் மாற்றிப் பில் போட்ட பட்டறைகள் எல்லா ஊரிலும் உண்டு. இன்னொரு பக்கம், எந்தக் கோளாறுமே இல்லாமல் தட்டும் இன்ஜின்களும் இருக்கின்றன. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்றைய இன்ஜின்களில் இன்ஜெக்டரே டிக் டிக் என்றுதான் வேலை செய்யும்.

மூன்றாவது, பாரம். பெட்ரோல் இன்ஜின் மேடேறும்போது சில்லறை குலுக்கினாற்போல் கேட்பது இந்த வகை. தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே ஓரத்தில் இருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. அழுத்த அலை சிலிண்டருக்குள் இங்குமங்கும் மோதுகிறது. சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர் என்றால் இந்த ஒலி ஏறக்குறைய 6,500 ஹெர்ட்ஸில் இருக்கும். பிளாக்கில் திருகி வைத்திருக்கும் நாக் சென்சார் அந்த அலைவரிசைக்கு மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. கேட்டவுடன் கம்ப்யூட்டர் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்திவிடும். எனவே இந்தச் சத்தம் உரக்கக் கேட்கிறது என்றால், எரிபொருள் மட்டுமல்லாமல் சென்சாரையும் பார்க்க வேண்டும்.

லாரி மெக்கானிக்குக்கு இன்னொரு பழைய வித்தை தெரியும். டீசல் இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்துவார். எந்தச் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியதும் சத்தம் குறைகிறதோ, கோளாறு அங்கே. பழைய பம்ப் இன்ஜினில் இது அருமையான சோதனை. ஆனால் 1997-இல் பாஷ் நிறுவனத்தின் காமன் ரெயில் கார்களில் வந்த பிறகு கதை மாறிவிட்டது. அந்தக் குழாய்க்குள் இப்போது 1,600 முதல் 2,000 பார் வரைகூட அழுத்தம் ஏறும். நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். கையையே இழக்கும் அளவுக்கு அது போகலாம். இன்று அதே சோதனையை ஸ்கேனரில் ஒவ்வொரு இன்ஜெக்டராக அணைத்துப் பார்த்துச் செய்கிறார்கள். சிந்தனை பழையது, கை மட்டும் வேறு. ஒரு பட்டறையில் காமன் ரெயில் காரின் பைப்பில் ஸ்பேனர் போடுவதைப் பார்த்தால் சாவியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம்.

சத்தம் வரும் இடமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2007-இல் வந்தது, இந்தியச் சாலைகளில் 320டி, 520டி கார்களில் நிறைய ஓடியது. மற்ற இன்ஜின்களில் டைமிங் செயின் பெரும்பாலும் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. ஆரம்ப ஆண்டுகளின் இன்ஜின்களில் செயின் தேய்ந்து நீளுவது உலகம் முழுக்கப் புகாரானது. செயின் அறுந்தால் பிஸ்டன் வால்வை அடித்துவிடும், இன்ஜின் முடிந்தது. முன்கூட்டியே எச்சரிப்பது இன்ஜினின் பின்கோடியிலிருந்து வரும் ஒரு கரகரப்பு. அதை கியர்பாக்ஸ் சத்தம் என்றோ, ‘டீசல்னா அப்படித்தாங்க’ என்றோ சொல்லித் தள்ளிவிடுவது சுலபம். செயினை மாற்ற கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். பொருளைவிடக் கூலி கூட வரும். அதனால்தான் இறக்குவதற்கு முன்பு உறுதிசெய்துகொள்வது அவ்வளவு முக்கியம். கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பி0016 என்ற குறியீடு ஸ்கேனரில் வந்தால் அது ஒரு சாட்சி. வராவிட்டால் செயின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. குறியீடு வருவதற்கு வெகு முன்பே சத்தம் வந்துவிடலாம். ஸ்கேனரை மட்டும் நம்பும் பட்டறையும், காதை மட்டும் நம்பும் பட்டறையும் இங்கே ஒரே மாதிரி ஏமாறும்.

சொகுசுக் காருக்கு நல்ல பட்டறை எது என்பதற்கு ஏ.சி. போட்ட வரவேற்பறையும் காபி மெஷினும் அளவுகோல் ஆகாது. முதல் பத்து நிமிடத்தில் அங்கே என்ன கேட்கிறார்கள் என்பதைக் கவனிக்கலாம். “எப்பங்க வருது? காலைல எடுத்தவுடனேயா, சூடான பொறகா? ஏ.சி. போட்டா கூடுதா? கடைசியா ஆயில் எப்ப மாத்துனீங்க, என்ன ஆயில் ஊத்துனாங்க?” என்று கேட்பவர் பாதிக் கண்டுபிடித்துவிட்டவர். குளிர்ந்த இன்ஜினில் கேட்க வேண்டும், ராத்திரி வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்பவர் இன்னும் மேல். சத்தத்தைக் கேட்காமலேயே எஸ்டிமேட் எழுதுபவரிடம் எழுந்துவிடுவது நல்லது.

பிறகு கருவிகள். பி.எம்.டபிள்யூவுக்கு இஸ்டா, பென்ஸுக்கு சென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி மென்பொருள். எல்லா வண்டிக்கும் ஒரே கையடக்க ஸ்கேனர் வைத்திருப்பவர் பாதிக் கதையைத்தான் படிக்க முடியும். கேம் ஷாஃப்டைப் பூட்டி நிறுத்தும் டூல் இல்லாமல் செயினைத் தொடக் கூடாது. சில போல்ட்டுகள் முறுக்கும்போது நீள்வதற்கென்றே செய்யப்பட்டவை. ஒருமுறை கழற்றினால் புதியதுதான் போட வேண்டும். புது டீசல் இன்ஜெக்டர் மாட்டினால் அதன் மேல் அச்சிட்ட எண்ணை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும்போதும் புரோகிராம் மாற்றும்போதும் பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும்; நடுவில் வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டரே செத்துவிடும். சார்ஜர் மாட்டாமல் லேப்டாப்பைத் திறக்கும் பட்டறை மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருக்கும்.

இத்தனை கருவியும் சின்ன ஊர்ப் பட்டறைக்கு ஏன் கிடைப்பதில்லை? கை வராததால் அல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் கோளாறு அறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பட்டியலில் பி.எம்.டபிள்யூவும் மெர்சிடிஸ்-பென்ஸும் இருந்தன. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது கார்களையும் சேர்த்துக்கொண்டது. எடப்பாடியில் இருக்கும் ஒரு நல்ல மெக்கானிக்குக்கும் கோவையில் இருக்கும் கம்பெனி நிலையத்துக்கும் உள்ள தூரத்தில் ஒரு பங்கு இந்தப் பூட்டி வைத்த தகவல்தான்.

எங்கே போனாலும் ஜாப் கார்டில் ‘இன்ஜின் சத்தம்’ என்று மட்டும் எழுத விடக் கூடாது; எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் என்று எழுத வைக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து காட்டச் சொல்லலாம். மடிப்புகளில் பளபளக்கும் உலோகத் துகள் இருந்தால் பேரிங் பேச்சுக்கு அதைவிட ஆதாரம் வேண்டாம். தகராறு வந்தால் சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையங்கள் இருக்கின்றன, உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. எழுதிய ஜாப் கார்டும் பில்லும் இல்லாமல் அங்கே நிற்க முடியாது.

கடைசியாக, சத்தத்தோடு கோவை வரை ஓட்டிப் போகலாமா என்ற கேள்வி. பெல்ட் கீச்சிடல், எக்ஸாஸ்ட் கசிவு என்றால் மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். சூடானதும் கூடுகிற கனத்த தட்டலோ, சிவப்பு ஆயில் விளக்கோ வந்தால் அந்த இடத்திலேயே அணைத்துவிட வேண்டும். பல புதிய பி.எம்.டபிள்யூக்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது; ஆயில் அளவைத் திரையில்தான் பார்க்க முடியும். கயிறு கட்டி இழுப்பது லாரிக்குச் சரி, ஆட்டோமேட்டிக் காருக்கு ஆகாது: இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்ப் வேலை செய்யாது, சக்கரம் உருண்டால் உள்ளே தேய்ந்துவிடும். நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றும் தட்டு வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு அழைக்கலாம். கார் கம்பெனியின் சாலையோர உதவித் திட்டம் நடப்பில் இருந்தால் முதலில் அந்த எண்.