மதகு திறக்கும் நேரம்

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணைக்கட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மலையிலிருந்து துள்ளி வரும் கோதையாற்றை மறித்து, திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் கட்டிய அணை. 1897-ல் தொடங்கிய வேலை 1906-ல் முடிந்தது. கட்டி முடித்த இன்ஜினீயர் மிஞ்சினை ஊர்க்காரர்கள் 'மூக்கன் துரை' என்று அழைத்தார்களாம்!

கோபத்தைப் பற்றிச் சொல்ல வந்தவர் அணைக்கட்டைப் பற்றிப் பேசுவானேன் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பைபிளில் 'நீதிமொழிகள்' என்ற பகுதியின் 17-ஆம் அதிகாரம், சண்டையின் ஆரம்பத்தைத் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவதற்கு ஒப்பிடுகிறது. முதலில் கசிவுதான், பிறகு யாராலும் தடுக்க முடியாத வெள்ளம். ஆகவே, வாக்குவாதம் முற்றுமுன் விலகிவிடு என்று அது புத்தி சொல்கிறது.

அதே பைபிளில் அபிகாயில் என்ற ஒரு குடும்பத் தலைவியின் கதை வருகிறது. அவள் கணவன் நாபால் பெரும் பணக்காரன்; பெரும் முரடன். தன் ஆடுகளுக்குக் காவலாக இருந்த தாவீதின் ஆட்கள் உணவு கேட்டபோது ஏசித் துரத்தினான். தாவீதுக்கு வந்ததே கோபம்! 400 வீரர்களோடு வாளை ஏந்திப் புறப்பட்டுவிட்டான்.

சேதி கேட்ட அபிகாயில் அழுதுகொண்டு உட்காரவில்லை. 200 அப்பங்கள், சமைத்த ஐந்து ஆடுகள், திராட்சை வற்றல், அத்திப்பழ அடைகள் எல்லாவற்றையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு எதிரே போனாள். 'நாளை நீங்கள் அரசாளும்போது, வீணாகச் சிந்திய ரத்தம் உங்கள் மனத்தை உறுத்தக்கூடாது' என்ற கருத்தில் பணிவாக எடுத்துச் சொன்னாள். வாள் உறைக்குள் போயிற்று.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய இடம். வீடு திரும்பினால், கணவன் விருந்தில் குடித்து மயங்கிக் கிடக்கிறான். அவள் வாயைத் திறக்கவில்லை. பொழுது விடிந்து, போதை தெளிந்த பிறகே நடந்ததைச் சொன்னாள்.

பொறுமை என்றால் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு காலமெல்லாம் வாய்மூடி இருப்பது என்று நம் பெண்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அபிகாயிலின் பொறுமை அப்படிப்பட்டதல்ல. அவள் பேசினாள், நேரம் பார்த்துப் பேசினாள். பைபிளும் கோபமே கூடாது என்று சொல்லவில்லை. சூரியன் அஸ்தமிக்குமுன் அதைத் தீர்த்துக்கொள் என்று எபேசியர் நிருபத்தில் கெடு வைக்கிறது, அவ்வளவுதான்.

பேச்சிப்பாறையும் தண்ணீரை என்றென்றும் பூட்டி வைப்பதில்லையே! கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் வேண்டியபோது மதகு திறக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்கள் விளைகின்றன. மழை மிஞ்சினால் உபரி நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அணைக்கே ஆபத்து.

அலுவலகத்திலிருந்து களைத்து வந்தவரிடம் வாசலிலேயே வழக்கைத் தொடங்க வேண்டாம். மாதக்கணக்கில் மனத்துக்குள் தேக்கி வைக்கவும் வேண்டாம். காப்பி குடித்து முடிக்கட்டும். பிறகு மதகைத் திறவுங்கள், அளவோடு!